தரையில் படுக்க 36 டாலர்... அதற்கும் ஒரு தத்கால் கூட்டம்!

ஜனவரி 15, இரவு எட்டரை மணி. தமிழ்நாட்டில் பொங்கல் பானையைக் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. டி.வி-யில் சிறப்புத் திரைப்படம் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த நேரம் பார்த்து, கலிஃபோர்னியாவில் இருக்கும் மகனை வாட்ஸ்அப்பில் அழைத்தால், பெரும்பாலும் எடுக்க மாட்டான். எடுத்தாலும், "அம்மா, ரெண்டே நிமிஷம்... அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிடுவான்.

காரணம், அங்கே அப்போது மணி காலை 6.58. சரியாக 7 மணிக்கு யோசெமிட்டி தேசியப் பூங்காவின் கேம்ப்சைட் முன்பதிவு திறக்கும். ஜூன் 15 முதல் ஜூலை 14 வரை கூடாரம் போட்டுத் தங்க விரும்புகிறவர்கள், ஐந்து மாதங்களுக்கு முன்பே, அந்த ஒரு நிமிடத்துக்காக லேப்டாப்பிலும் போனிலும் விரலை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். பெரும்பாலான இடங்கள் நிமிடங்களில், சில நேரம் நொடிகளில் தீர்ந்துவிடும் என்று பூங்கா நிர்வாகமே சொல்கிறது. ஐ.ஆர்.சி.டி.சி-யில் தத்கால் டிக்கெட் எடுத்துப் பழகியவர்களுக்கு இந்தப் படபடப்பை விளக்கத் தேவையில்லை.

ஒரே வித்தியாசம், தத்காலில் கிடைப்பது பெர்த். இங்கே கிடைப்பது தரை.

இந்த வாரம் நம் 'வீட்டுக் கணக்கு' கொஞ்சம் கடல் தாண்டிப் போகிறது. பிள்ளைகளைப் பார்க்கக் கோடை விடுமுறையில் அமெரிக்கா கிளம்பும் பெற்றோர் பலர், 'இந்தத் தடவை கேம்ப்பிங் போலாம்ப்பா' என்ற அழைப்பைக் கேட்டிருப்பார்கள். அதன் விலைச் சீட்டில் என்னென்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

தரை என்ன விலை?

யோசெமிட்டி பள்ளத்தாக்கில் இருக்கும் பெரிய முகாம் அப்பர் பைன்ஸ். ஏறக்குறைய 235 இடங்கள். ஓர் இடத்துக்கு ஓர் இரவு வாடகை 36 டாலர். டாலருக்கு 90 ரூபாய் என்று வைத்தால் 3,240 ரூபாய். அதற்கு என்ன தருவார்கள்? கார் நிறுத்த ஓர் இடம், கூடாரம் அடிக்கச் சமமான தரை, மரமேசையும் பெஞ்சும், தீ மூட்ட ஓர் இரும்பு வளையம், கரடி திறக்க முடியாத ஓர் இரும்புப் பெட்டி. பொதுக் கழிப்பறையும் குடிநீர்க் குழாயும் நடந்து போகிற தூரத்தில் இருக்கும். குளிக்க வேண்டுமென்றால் முகாமுக்கு வெளியே போக வேண்டும். கூடாரம், படுக்கை, போர்வை, அடுப்பு, பாத்திரம் எல்லாம் நம்முடையது.

(அந்த இரும்புப் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. உணவு மட்டும் அல்ல, வாசனை உள்ள எல்லாமே அதற்குள் போக வேண்டும். இட்லிப் பொடி, ஊறுகாய், சோப்பு, பற்பசை, முகப் பவுடர் வரைக்கும். காரில் விட்டால் கரடி கதவைப் பிய்த்துவிடும். அபராதமும் உண்டு. ஊரிலிருந்து வந்த முறுக்கு டப்பாவைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கும் பழக்கம் உள்ளவர்கள் கவனிக்க.)

இதே இடத்துக்கு 2015-க்கு முன்பு வாடகை 20 டாலர். அந்த ஆண்டில் 26 ஆனது. இப்போது 36. பத்தாண்டுகளில் 80 சதவிகித உயர்வு. அதே காலத்தில் அமெரிக்காவின் பொதுவான விலைவாசி உயர்ந்தது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அளவுதான். பூங்காவுக்குள் கார் நுழையும் கட்டணமும் இந்தக் காலத்தில் 20 டாலரிலிருந்து 30 ஆகி, பிறகு 35 ஆகிவிட்டது. ஒருமுறை கட்டினால் ஏழு நாள் செல்லும்.

இனி, சான்ஹோசேயிலிருந்து ஒரு குடும்பம் மூன்று இரவு தங்கப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். தரைவாடகை 108 டாலர். நுழைவு 35. போக வர சுமார் 600 கிலோமீட்டர், பெட்ரோலுக்கு 70 டாலர் போல. விறகு ஒரு கட்டு 10 டாலர் அளவில் விற்கிறது. காட்டுக்குள்தானே போகிறோம், சுள்ளி பொறுக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தால், பள்ளத்தாக்கில் அதற்குத் தடை. வீட்டிலிருந்து கொண்டு போகலாம் என்றால், விறகோடு பூச்சியும் நோயும் சேர்ந்து வரும், வேண்டாம் என்கிறார்கள். ஆக விறகுக்கு ஒரு 40 டாலர். எல்லாம் சேர்த்து 250 டாலரைத் தாண்டுகிறது. ரூபாயில் கிட்டத்தட்ட 23,000. சாப்பாடும் ஐஸ் கட்டியும் இதில் சேரவில்லை. முதல்முறை போகிறவர்கள் என்றால் நான்கு பேர் படுக்கும் கூடாரம், ஸ்லீப்பிங் பேக், கீழே விரிக்கும் மெத்தை, சிறிய கேஸ் அடுப்பு, விளக்கு என்று இன்னொரு பட்டியல் இருக்கிறது. அது பயணச் செலவைவிடச் சுலபமாகப் பெரிதாகிவிடும்.

இந்தக் கணக்கையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். அதே பள்ளத்தாக்கில் விடுதி அறை எடுத்தால், கோடையில் ஓர் இரவுக்கே 300 டாலருக்கு மேல் போகும். கேன்வாஸ் துணி போர்த்திய கூடார அறைக்கே நூறு டாலருக்கு மேல். அதனால் 36 டாலர் இன்றைக்கும் அங்கே மலிவுதான். சிக்கல் என்னவென்றால், அந்த மலிவு எல்லோருக்கும் கிடைப்பதில்லை. யாருக்குக் கிடைக்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

அதற்கு முன் இன்னொரு விதி. ஓர் இடத்தில் அதிகபட்சம் ஆறு பேர்தான் தங்கலாம். குழந்தைகளும் கணக்கில் உண்டு. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், ஊரிலிருந்து வந்த தாத்தா பாட்டி என்றால் சரியாக ஆறு. அதே கோடையில் சம்பந்தி வீட்டாரும் வந்திருந்தால் எட்டு. இரண்டு இடம் பதிவு செய்ய வேண்டும். செலவு இரண்டு மடங்கு என்பதுகூடப் பரவாயில்லை. அந்த ஏழு மணிப் போட்டியில் இரண்டு இடம், அதுவும் பக்கத்துப் பக்கத்தில் பிடிப்பது பெரிய பாடு.

மர வேருக்காக வந்த திட்டம்

இந்த முகாம்கள் எப்படி வந்தன என்பது சுவாரஸ்யமான கதை. 1920-களில் அமெரிக்காவில் நடுத்தரக் குடும்பங்களின் கைக்குக் கார் வந்தது. விடுமுறை விட்டால் காட்டுக்குக் கிளம்பினார்கள். எந்த மரத்தடி பிடிக்கிறதோ அங்கே காரை ஓட்டிப்போய் நிறுத்தி, கூடாரம் அடித்தார்கள். பிரச்னையை முதலில் கண்டுபிடித்துச் சொன்னவர் எமிலியோ மெய்னெக்கே என்ற தாவர நோயியல் அறிஞர். கார்களும் மனிதர்களும் மிதித்து மிதித்து மண் இறுகிவிடுவதால், ஆயிரக்கணக்கான ஆண்டு வயதுள்ள மரங்களின் வேர்கள்கூடச் சேதமடைகின்றன என்றார்.

அவர் 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்க வனத்துறைக்கு ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார். வளைந்து திரும்பும் ஒருவழிப் பாதை. அதிலிருந்து பிரியும் சின்னச் சின்ன கார் நிறுத்தங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு மேசை, ஓர் அடுப்பு, ஒரு கூடார இடம். கார் அதற்கு மேல் போக முடியாதபடி கல்லோ மரக்கட்டையோ தடுப்பு. அமெரிக்காவில் எந்தப் பொது முகாமுக்குப் போனாலும் இன்றைக்கும் இதே வடிவம்தான். மனிதர்களின் வசதிக்காக வரைந்ததாகத் தெரியும். ஆனால், மரத்தின் வேருக்காக வரைந்தது.

திட்டத்தைக் கட்டி முடிக்க ஆட்கள் கிடைத்தது பெரும் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில். அதிபர் ரூஸ்வெல்ட் 1933-ல் தொடங்கிய சிவிலியன் கன்சர்வேஷன் கார்ப்ஸ் என்ற அமைப்பில், வேலையில்லாத இளைஞர்கள் லட்சக்கணக்கில் சேர்ந்தார்கள். மாதச் சம்பளம் 30 டாலர். அதில் 25 டாலர் வீட்டுக்கு நேராகப் போய்விடும். பாதை வெட்டியது, மேசை செய்தது, கழிப்பறை கட்டியது எல்லாம் அவர்கள். அவர்களின் ஒரு மாதச் சம்பளம் 30 டாலர், அதே வகை முகாமில் இன்று ஓர் இரவு 36 டாலர் என்று சொன்னால் பரபரப்பாக இருக்கும். அன்றைய 30 டாலரின் மதிப்பே வேறு என்பதால் அது சரியான ஒப்பீடு ஆகாது. ஆனால் ஒன்று சொல்லலாம். விடுதிக்குக் காசு இல்லாத குடும்பமும் பிள்ளைகளுக்கு மலையையும் ஆற்றையும் காட்டலாம் என்பதற்காக, வரிப்பணத்தில் கட்டிய இடங்கள் இவை.

1965-ல் நடைமுறைக்கு வந்த நிலம் மற்றும் நீர்ப் பாதுகாப்பு நிதிச் சட்டம்தான், கூட்டாட்சி அரசின் நிலங்களில் இப்படிப்பட்ட கட்டணங்கள் பரவலாக வர வழி திறந்தது. (கார் நுழைவுக் கட்டணம் அதற்கு முன்பே சில பூங்காக்களில் இருந்தது.) அந்த ஆண்டில் எல்லாப் பூங்காக்களுக்கும் சேர்த்து ஓர் ஆண்டு பாஸ் விற்றார்கள். விலை 7 டாலர். இன்று அதன் வாரிசான ஆண்டு பாஸ், அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு 80 டாலர்.

ஏன் ஏறுகிறது?

பேராசை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட முடியாது. 2004-ல் ஒரு சட்டம் வந்தது. ஒரு பூங்காவில் வசூலாகும் கட்டணத்தில் குறைந்தது 80 சதவிகிதம் அந்தப் பூங்காவிலேயே செலவிடப்பட வேண்டும் என்கிறது அது. படிக்க நல்ல சட்டம்தான். வசூலித்த காசு வாஷிங்டனுக்குப் போய்க் காணாமல் போகாது. இன்னொரு பக்கம், பூங்கா நிர்வாகியின் இடத்திலிருந்து யோசியுங்கள். வரிப்பணம் எவ்வளவு வரும் என்பதை நாடாளுமன்றம் முடிவு செய்யும். அது அவர் கையில் இல்லை. கழிப்பறைக் குழாய் உடைந்தால் மாற்ற அவர் கைக்கு நிச்சயமாக வரும் பணம், வாசலிலும் முகாமிலும் வசூலாகும் பணம்தான். நம்ம ஊரில் அப்பா சம்பளம் கொடுக்காத மாதத்தில் அம்மா கடுகு டப்பாவில் கை வைக்கிற மாதிரி.

உடைந்த குழாய்களும் கொஞ்சம் அல்ல. தேசியப் பூங்கா சேவையின் நிலுவையில் இருக்கும் பராமரிப்பு வேலைகளின் மதிப்பு 2,000 கோடி டாலரைத் தாண்டுகிறது. இதற்காக 2020-ல் ஒரு பெரிய சட்டம் போட்டு, பூங்காக்களுக்கும் பிற பொது நிலங்களுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 190 கோடி டாலர் வரை ஐந்து ஆண்டுகளுக்கு ஒதுக்கினார்கள். அப்படியும் அந்த நிலுவை தீரவில்லை.

டென்னஸி, வடக்கு கரோலினா எல்லையில் இருக்கும் கிரேட் ஸ்மோக்கி மவுண்டன்ஸ் பூங்காவைப் பாருங்கள். நாட்டிலேயே அதிகம் பேர் வரும் தேசியப் பூங்கா. அங்கே நுழைவுக் கட்டணமே கிடையாது. பூங்காவின் ஊடே போகும் முக்கியச் சாலையை மாநில அரசு ஒப்படைத்தபோது, சுங்கம் வசூலிக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டது. நிபந்தனை அப்படியே இருக்க, 2023 மார்ச்சில் வேறு வழி கண்டுபிடித்தார்கள். வண்டி நிறுத்தக் கட்டணம். கால் மணி நேரத்துக்கு மேல் வண்டியை நிறுத்தினால் நாளுக்கு 5 டாலர், வாரத்துக்கு 15, ஆண்டுக்கு 40. அதே ஆண்டு முகாம் வாடகையும் இரவுக்கு 30 டாலராக ஏறியது. நுழைவு இலவசம் என்று சொன்னது பொய் இல்லை. நுழைந்த பிறகு நிற்கத்தான் காசு.

யோசெமிட்டிக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 1997 ஜனவரியில் மெர்செட் ஆற்றில் பெருவெள்ளம் வந்தது. ஆற்றோரம் இருந்த முகாம்கள் அடித்துச் செல்லப்பட்டன. பள்ளத்தாக்கின் கேம்ப்சைட்களில் பாதிக்கு அருகில் ஒரே வெள்ளத்தில் போய்விட்டது. ஆற்றங்கரையை ஆற்றுக்கே விட்டுவிடுவது நல்லது என்பதால், அவை பழைய எண்ணிக்கைக்குத் திரும்பவே இல்லை. பூங்காவுக்கு வருகிறவர்கள் ஆண்டுக்கு ஏறக்குறைய 40 லட்சம் பேர். ஆள் கூடி, இடம் பாதியானால் ஏழு மணிக்குக் கூட்டம் முண்டத்தானே செய்யும்.

ஐந்து மாதம் முன்பே லீவு சொல்ல முடிகிறவர் யார்?

வாடகை உயர்வைவிட அதிகம் யோசிக்க வைப்பது இந்த முன்பதிவு முறைதான். முன்பெல்லாம் பல முகாம்களில் முதலில் வந்தவருக்கு முதல் இடம். வெள்ளிக்கிழமை விடியலில் கிளம்பிப் போய் வரிசையில் நின்றால் கிடைக்கும். அதிலும் அநியாயம் இருந்தது. நூற்றுக்கணக்கான மைல் ஓட்டிப்போய், இடம் இல்லை என்று திரும்பி வந்தவர்கள் ஏராளம். முன்பதிவு வந்ததும் அந்த வீண் அலைச்சல் நின்றது. அதற்குப் பதில் வேறொரு சல்லடை வந்தது.

ஐ.டி. நிறுவனத்தில் வேலை செய்பவர் ஜனவரியிலேயே ஜூலை விடுமுறையைக் குறித்துக்கொள்ளலாம். காலை ஏழு மணிக்கு வேகமான இன்டர்நெட்டோடு உட்காரலாம். நண்பர்கள் நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு நான்கு கணினியில் முயற்சி செய்யலாம். உணவகத்தில் மணிக்கணக்குக் கூலிக்கு வேலை செய்பவருக்கு அடுத்த வார ஷிஃப்ட்டே இந்த வாரம்தான் தெரியும். ஏழு மணிக்கு அவர் அநேகமாக பஸ்ஸில் இருப்பார். அவருக்கும் வாடகை அதே 36 டாலர்தான். ஆனால் அந்த இடம் அவருக்கு ஒருபோதும் திரையில் பச்சையாகத் தெரிவதில்லை.

இது வெறும் ஊகம் அல்ல. மொன்டானா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, மொபைல் போன்களின் இருப்பிடத் தரவை வைத்து, சில தேசியப் பூங்கா முகாம்களுக்கு வருகிறவர்கள் எந்தப் பகுதிகளிலிருந்து வருகிறார்கள் என்று பார்த்தது. ஒரே முகாமில், முன்பதிவு செய்யும் இடங்களில் தங்கியவர்கள், வரிசை முறையில் இடம் பிடித்தவர்களைவிட வருமானம் கூடுதலான பகுதிகளிலிருந்து வந்திருந்தார்கள். வாடகை வித்தியாசத்தால் வந்த பிளவு அல்ல, இடம் கொடுக்கும் முறையால் வந்த பிளவு.

இதைச் சுற்றிச் சில்லறைக் கட்டணங்களும் முளைத்திருக்கின்றன. கூட்டாட்சி அரசின் முன்பதிவுத் தளத்தில் ஓர் இடத்தை ரத்து செய்தால் 10 டாலர் பிடித்துக்கொள்வார்கள். கடைசி நேரத்தில் ரத்து செய்தால் முதல் இரவு வாடகையும் போகும். குழந்தைக்குத் திடீரென்று காய்ச்சல் வந்தால் அது குடும்பத்தின் பாடு. யோசெமிட்டியின் நார்த் பைன்ஸ் முகாமில் ஏழு மணி ஓட்டத்துக்கு மாற்றாகச் சோதனை முறையில் குலுக்கல் கொண்டுவந்தார்கள். நல்ல யோசனை. ஆனால், குலுக்கலில் பெயர் போடவே 10 டாலர். பெயர் விழாவிட்டாலும் திரும்பக் கிடைக்காது. இன்னொரு பக்கம், யாராவது ரத்து செய்தால் உடனே போனுக்குத் தகவல் அனுப்புகிறோம் என்று பணம் வாங்கும் தனியார் செயலிகள். அரசு கொடுக்கும் இடம் ஒன்றுதான். அதை எட்டிப் பிடிக்க உதவும் ஏணியைத் தனியாக வாடகைக்கு விடுகிறார்கள்.

அப்படியானால் வாடகையை இன்னும் ஏற்றிவிட்டால் கூட்டம் குறையுமே என்று சில பொருளாதாரக்காரர்கள் கேட்கலாம். குறையும். யார் குறைவார்கள் என்பதுதான் கேள்வி. மெய்னெக்கே போட்ட வளைவுப் பாதையில் காசுள்ளவர்களின் கார் மட்டும் நிற்கும் என்றால், அதைப் பொது முகாம் என்று அழைக்க என்ன இருக்கிறது?

கேட்டால் குறைகிறது

கட்டணம் ஏறிக்கொண்டேதான் இருக்கும் என்று கையைக் கட்டி உட்கார வேண்டியதில்லை என்பதற்கும் அங்கேயே எடுத்துக்காட்டு உண்டு. 2017-ல் யோசெமிட்டி, கிராண்ட் கேன்யன் உள்ளிட்ட 17 பூங்காக்களில், கூட்டம் மிகும் மாதங்களில் கார் நுழைவுக் கட்டணத்தை 70 டாலராக்க அரசு திட்டமிட்டது. மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகள் வந்து குவிந்தன, பெரும்பாலும் எதிர்ப்பு. அடுத்த ஆண்டு திட்டத்தைக் கைவிட்டு, பல பூங்காக்களில் 5 டாலர் மட்டும் ஏற்றினார்கள். யோசெமிட்டி 30-லிருந்து 35 ஆனது அப்போதுதான்.

இன்னொன்று சின்னத் தொகை, பெரிய வழக்கு. நெவாடாவில் லாஸ் வேகாஸ் நகரை ஒட்டிய ரெட் ராக் கேன்யனில், காரில் சுற்றிப் பார்க்க நேரம் முன்பதிவு செய்ய வேண்டும். அதற்கு 2 டாலர் தனிக் கட்டணம். மக்கள் கருத்தைக் கேட்காமல் இதை எப்படி விதித்தீர்கள் என்று ஒருவர் நீதிமன்றம் போனார். 2022-ல் கூட்டாட்சி நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. இரண்டு டாலர்தானே என்று விட்டுவிடாத ஒருவர்!

எல்லைக்கு அந்தப் பக்கம் கனடாவில் 2025 கோடையில் வேறொரு காட்சி. ஜூன் 20 முதல் செப்டம்பர் 2 வரை தேசியப் பூங்காக்களில் நுழைவு இலவசம், முகாம் வாடகையில் 25 சதவிகிதத் தள்ளுபடி. உள்நாட்டுப் பயணத்தை ஊக்குவிக்க அரசே அறிவித்தது. டொரொன்டோ பகுதித் தமிழ்க் குடும்பங்கள் வழக்கமாகப் போகும் அல்கோன்குவின் போன்றவை மாகாணப் பூங்காக்கள் என்பதால், அவை இந்தச் சலுகைக்குள் வரவில்லை. இருந்தாலும், அரசு நினைத்தால் வாடகை கீழேயும் இறங்கும் என்று தெரிந்தது.

ஊரிலிருந்து போகிறவர்களுக்கு

இந்த ஆண்டு அமெரிக்கா கிளம்பும் பெற்றோர் கவனிக்க வேண்டிய புது விதி ஒன்று இருக்கிறது. 2026 ஜனவரி 1 முதல், அமெரிக்காவில் வசிக்காதவர்களுக்குத் தனிக் கட்டணம். யோசெமிட்டி, கிராண்ட் கேன்யன், யெல்லோஸ்டோன், சயான் உள்ளிட்ட 11 பூங்காக்களில், 16 வயதும் அதற்கு மேலும் ஆன வெளிநாட்டவர் ஒவ்வொருவருக்கும் வழக்கமான கட்டணத்துக்கு மேல் 100 டாலர். வெளிநாட்டவருக்கான ஆண்டு பாஸ் 250 டாலர். சுற்றுலா விசாவில் போகும் அப்பாவும் அம்மாவும் இந்தக் கணக்கில்தான் வருவார்கள். இரண்டு பேருக்கு 200 டாலர், அதாவது 18,000 ரூபாய். மூன்று இரவு தரைவாடகையைவிட இது அதிகம். எத்தனை பேர், எத்தனை பூங்கா என்று பார்த்து, பாஸ் லாபமா இல்லையா என்பதைக் கிளம்பும் முன்பே பூங்காவின் இணையதளத்தில் படித்து முடிவு செய்துவிடுவது நல்லது. வாசலில் போய் நின்று பிள்ளையும் பெற்றோரும் 'நீ குடு', 'வேண்டாம்ப்பா திரும்பிடலாம்' என்று வாதாடும் சங்கடம் மிஞ்சும்.

கிரீன் கார்டு வாங்கிய பெற்றோர் என்றால் நிலைமை தலைகீழ். 62 வயது ஆனவர்களுக்கு ஆயுள் முழுக்கச் செல்லும் சீனியர் பாஸ் 80 டாலர். ஒரு வருடத்துக்கு மட்டும் என்றால் 20. (2017 ஆகஸ்ட் வரை ஆயுள் பாஸே 10 டாலருக்குக் கிடைத்தது. விலை ஏறப்போகிறது என்று தெரிந்ததும் அதற்கும் ஒரு கூட்டம் முண்டியது.) இந்த பாஸ் இருந்தால் கூட்டாட்சி முகாம்கள் பலவற்றில் வாடகை பாதிதான். தாத்தா பெயரில் பதிவு செய்து, தாத்தாவும் கூடவே தங்கினால் 36 டாலர் 18 ஆகும். வீட்டில் நான்காம் வகுப்பு படிக்கும் பிள்ளை இருந்தால், அந்தக் கல்வியாண்டுக்கு குடும்பத்தோடு பூங்கா நுழைய இலவச பாஸ் உண்டு. வாடகைக்கு அது செல்லாது.

யோசெமிட்டியே வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாதவர்களுக்கு வழி இன்னும் அகலம். பூங்காக்களைச் சுற்றி இருக்கும் தேசிய வனங்களில் முகாம்கள் உண்டு. அவற்றில் பலவற்றை ஒப்பந்தத்தில் தனியார் நடத்துகிறார்கள். சிலவற்றில் வாடகை 30 டாலரைத் தாண்டிவிட்டது என்றாலும் போட்டி குறைவு. தேசிய வனங்களிலும், நில மேலாண்மைத் துறையின் நிலங்களிலும் பெரும்பாலான பகுதிகளில், முகாமுக்கு வெளியே எங்காவது கூடாரம் போட்டுக்கொள்ள இன்றைக்கும் காசு கிடையாது. பொதுவாக 14 நாள் வரை தங்கலாம். கழிப்பறை இருக்காது, தண்ணீர் இருக்காது, போன் சிக்னல் இருக்காது. குப்பையைத் திரும்ப எடுத்து வர வேண்டும். கலிஃபோர்னியாவில் அடுப்பு மூட்ட ஓர் இலவச அனுமதிச் சீட்டும் வேண்டும். முழங்கால் வலி உள்ள பாட்டியையும் மூன்று வயதுப் பேத்தியையும் வைத்துக்கொண்டு அங்கே போக முடியுமா என்பது வேறு விஷயம். இலவசம் கிடைப்பது இளசுகளுக்கு.

யோசெமிட்டிதான் என்றால், ஜனவரி 15-ஐத் தவறவிட்டதோடு கதை முடிவதில்லை. எல்லா முகாம்களும் ஐந்து மாதம் முன்பே திறப்பதில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம் முன்பு திறக்கும் முகாம்களும் உண்டு. ஷிஃப்ட் வேலைக்காரர்களுக்கு அதுதான் வாசல். பதிவு செய்தவர்களின் திட்டமும் மாறும், இடங்கள் ஒன்றிரண்டாகத் திரும்ப வரும். திங்கள் முதல் வியாழன் வரையிலான இரவுகளுக்கு, தினமும் காபியோடு அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பவர்களுக்குச் சில நேரம் மாட்டும். செயலிக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. ஜூலை 15 முதல் ஆகஸ்ட் 14 வரையிலான இரவுகளுக்கான முன்பதிவு பிப்ரவரி 15-ல் திறக்கும். அங்கே காலை 7 மணி, இங்கே இரவு 8.30. அந்த நேரத்தில் மகனுக்கு போன் போடாமல் இருந்தாலே பெரிய உதவி.